வார இறுதி ஒர்க்‌ஷாப்புக்குப் பணம் கட்டலாமா? பிசியோ, ரீஹாப் ஆட்கள் பதில் சொல்லுங்கள்

நாமக்கல்_பிசியோ

எல்லோருக்கும் வணக்கம். பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) முடித்துவிட்டு ஒரு தனியார் எலும்பு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 18,000. வாட்ஸ்அப்பைத் திறந்தால் தினமும் ஒரு ஒர்க்‌ஷாப் போஸ்டர். இப்போது இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும்: கோவையில் இரண்டு நாள் டிரை நீட்லிங் (தசையில் மெல்லிய ஊசி குத்துவது), 15,000, சேலத்தில் இரண்டு நாள் டேப்பிங் (தசை, மூட்டு மேல் நாடா ஒட்டுவது), 9,000. சாப்பாடு, தங்குமிடம் தனி.

எங்கள் டாக்டர், "ஏதாவது ஒண்ணு பண்ணிட்டு வாப்பா, சர்டிபிகேட்டை ஃபிரேம் போட்டு ஓ.பி.யில மாட்டலாம்" என்கிறார். பணம் என்னவோ என் பாக்கெட்டில் இருந்துதான். எது உருப்படியானது? இந்த சர்டிபிகேட்டுக்கு நம் நாட்டில் அதிகாரபூர்வமாக ஏதாவது மதிப்பு உண்டா?

மதுரை_சீனியர்

தம்பி, போஸ்டரை மூடி வைத்துவிட்டு உங்கள் ஓ.பி. ரிஜிஸ்டரைத் திறங்கள். போன மாதம் வந்தவர்களில் முழங்கால் தேய்மானம் எத்தனை, இடுப்பு வலி எத்தனை, மாவுக்கட்டு பிரித்தபின் விறைத்துப்போன மணிக்கட்டு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எலும்பு மருத்துவமனை என்றால் முக்கால்வாசி இவைதான் இருக்கும். அதில் ஊசி குத்த வேண்டிய ஆட்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு வந்தபிறகு கோர்ஸைப் பற்றிப் பேசுவோம்.

கைத்திறன்_கோச்

மதுரை சார் சொல்வதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வார இறுதிகளில் மேனுவல் தெரபி, அதாவது கையால் செய்யும் சிகிச்சை, சொல்லிக் கொடுக்கிறவன்.

கல்லூரியில் ஒரு கட்டிலைச் சுற்றி முப்பது பேர் நின்று பார்க்கிறார்கள். மூட்டை எவ்வளவு அசைப்பது என்று சொல்லும் மெயிட்லாண்ட் கிரேடு ஒன்றுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புத்தகத்தில் படித்து எழுதி மார்க் வாங்கிவிடலாம். கையில் வராது. ஒருவர் உங்கள் கைமேல் கை வைத்து "இவ்வளவு அழுத்தம் போதும், இங்கேதான் தடை ஆரம்பிக்கிறது" என்று காட்ட வேண்டும். அதற்கு நேரில் வந்துதான் ஆக வேண்டும். எல்லா ஒர்க்‌ஷாப்பையும் ஒரே தட்டில் வைத்து ஏமாற்று வேலை என்று சொல்வது நியாயமில்லை.

மதுரை_சீனியர்

ஏமாற்று வேலை என்று நான் எங்கே சொன்னேன்?

கைத்திறன்_கோச்

நீங்கள் சொல்லவில்லை சார். அடுத்து வரப்போகிறவர்கள் சொல்வார்கள், அதற்கு முன்கூட்டியே.

லீட்ஸ்_பிசியோ

இங்கிலாந்தில் எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிட உதவும். இங்கே எச்.சி.பி.சி. என்ற அமைப்பில் பதிவு செய்யாமல் பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரையே பயன்படுத்தக் கூடாது. பதிவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊரில் பலர் நினைப்பது போல இத்தனை மணி நேரம், இத்தனை புள்ளி என்ற கணக்கு இதில் கிடையாது. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் 2.5 சதவீதம் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து, "என்ன கற்றாய், அதனால் உன் வேலை எப்படி மாறியது, நோயாளிக்கு என்ன பயன்?" என்று எழுத்தில் கேட்பார்கள். ஆதாரமும் இணைக்க வேண்டும்.

கற்றல் என்பதும் பல வகையாக இருக்க வேண்டும். கோர்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தால் போதாது. ஜூனியருக்குச் சொல்லிக் கொடுத்தது, சக ஊழியரோடு ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்து விவாதித்தது, வார்டில் ஆடிட் செய்தது எல்லாம் கணக்கில் வரும். எங்கள் டிபார்ட்மெண்டில் வாரம் ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் ஏதாவது ஒரு கேஸ் எடுத்துப் பேசுவார். செலவு பூஜ்ஜியம். என் ஃபைலில் பாதி இந்தச் சாப்பாட்டு நேரப் பேச்சுதான்.

நாமக்கல்_பிசியோ

அப்படியானால் சுவரில் மாட்டுகிற சர்டிபிகேட்டை அங்கே யாரும் கேட்பதே இல்லையா அண்ணா?

லீட்ஸ்_பிசியோ

வேலைக்கு நேர்காணலில் பார்ப்பார்கள். ஆனால் அடுத்த கேள்வியே "இதை எந்த நோயாளிக்குப் பயன்படுத்தினாய், எந்த நோயாளிக்கு வேண்டாம் என்று முடிவு செய்தாய்?" என்றுதான் வரும். இரண்டாவது பாதியில் நிறையப் பேர் திணறுவார்கள்.

நெறியாளர்

இந்த இடத்தில் இருந்த மூன்று விளம்பரப் பதிவுகள் நீக்கப்பட்டன. "50% தள்ளுபடி, இன்றே கடைசி" வகையறாவுக்கு இங்கே இடமில்லை.

ஆய்வு_வாசகி

கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய ஆய்வுகள் இரண்டு உண்டு, இரண்டும் அமெரிக்காவின் யூட்டா பக்கத்தில் கிட்டத்தட்ட ஒரே குழு செய்தவை. கழுத்து வலிதான் தலைப்பு.

2006-இல் வந்தது முதலாவது. இரண்டு நாள் கோர்ஸ் போய்வந்த தெரபிஸ்டுகளின் நோயாளிகள், கோர்ஸ் போகாதவர்களின் நோயாளிகளைவிடச் சீக்கிரம் குணமானார்களா என்று பார்த்தார்கள். பொதுவாகப் பார்த்தால் இல்லை. ஆனால் கோர்ஸ் முடிந்தபின் தங்கள் கிளினிக்கிலேயே தொடர்ந்து ஒரு மேம்பாட்டு வேலையில் ஈடுபட்ட சிலரின் நோயாளிகளிடம் முன்னேற்றம் தெரிந்தது.

அந்தச் சிலர் இயல்பிலேயே ஆர்வமானவர்களாக இருக்கலாமே என்ற சந்தேகம் வருமில்லையா? அதற்காக 2009-இல் முறையான சோதனையாகவே செய்தார்கள். 19 தெரபிஸ்டுகள், எல்லோருக்கும் அதே இரண்டு நாள் கோர்ஸ். அப்புறம் குலுக்கல் போட்டு ஒரு பிரிவுக்கு மட்டும் தொடர் பயிற்சி: சிறு குழுவாக உட்கார்ந்து கேஸ்களைப் பேசுவது, பயிற்சியாளர் இவர்கள் கிளினிக்குக்கே வந்து கூட நின்று பார்ப்பது. அந்தப் பிரிவின் நோயாளிகளுக்குக் கழுத்து வலியால் வந்த இயலாமை அதிகமாகக் குறைந்தது, சிகிச்சைக்கு வர வேண்டியிருந்த தடவைகளும் குறைந்தன. வலி அளவில் மட்டும் வித்தியாசம் இல்லை.

ஆகவே கோவையா சேலமா என்பதைவிட, திங்கள்கிழமை என்ன நடக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேஸ் அனுப்பினால் பார்த்துச் சொல்வார்களா? கைத்திறன் சார், உங்கள் கோர்ஸில் அது உண்டா?

கைத்திறன்_கோச்

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். முறையாக வைத்ததில்லை. ஆனால் ஒன்று: 19 பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது.

ஆய்வு_வாசகி

முடியாதுதான். சின்ன ஆய்வு, ஒரே ஒரு நிறுவனம், ஒரே ஒரு நோய். ஆனால் டாக்டர்களுக்கான தொடர்கல்வி பற்றி 1999-இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்த தொகுப்பாய்வும் இதே திசையில்தான் போகிறது. உட்கார வைத்து லெக்சர் கேட்க வைத்தால் நடைமுறை மாறுவதில்லை. பயிற்சியும் கலந்துரையாடலும் இருந்தால் மாற வாய்ப்பு உண்டு. வேறு திசை காட்டுகிற ஆய்வு உங்களிடம் இருந்தால் பகிருங்கள், வகுப்பில் இரண்டையும் வைத்துப் பேசுவேன்.

நியூரோ_வேலூர்

கோர்ஸே வேண்டாம் என்ற பக்கம் பேச்சு சாய்கிறதோ என்று தோன்றுகிறது, அதனால் ஒரு உதாரணம். ஸ்ட்ரோக் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று ஒரு காலத்தில் நம்பிக்கை பலமாக இருந்தது. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் 'அவெர்ட்' ஆய்வு வந்தது. ஐந்து நாடுகள், 2,104 நோயாளிகள். 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அதிக அளவில் படுக்கையைவிட்டு இறக்கிப் பயிற்சி கொடுத்த பிரிவில், மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 50 சதவீதம். அதாவது அவசரம் காட்டிய பிரிவுதான் பின்தங்கியது. பிறகு அதே தரவை அலசியதில், ஒரே மூச்சில் நிறையச் செய்வதைவிடக் குட்டிக் குட்டியாக அடிக்கடி செய்வது மேல் என்று தெரிந்தது.

2014-இல் பட்டம் வாங்கிய பையன் அதன்பிறகு எதையும் படிக்கவில்லை என்றால் இன்றைக்கும் முதல் நாளே நோயாளியை நீண்ட நேரம் நிற்க வைத்துக்கொண்டிருப்பான். அவன் சோம்பேறி இல்லை. நல்லெண்ணத்தோடு உழைத்துத்தான் கெடுதல் செய்வான். கல்வி தொடர வேண்டியது இதற்காக.

நாமக்கல்_பிசியோ

இதைப் படித்ததும் வேறொரு சந்தேகம் வருகிறது. இடுப்பு வலிக்கு எங்கள் இடத்தில் எல்லோருக்கும் ஒரே பேக்கேஜ்தான்: ஐ.எஃப்.டி. (மின்சார சிகிச்சை), அல்ட்ராசவுண்ட் (ஒலியலை சிகிச்சை), பத்து சிட்டிங். டிராக்‌ஷன், அதாவது முதுகெலும்பை இழுத்துவிடுவது, எக்ஸ்ட்ரா. இதற்கெல்லாம் ஆதாரம் எப்படி?

ஆய்வு_வாசகி

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட இடுப்பு வலி வழிகாட்டுதலில் அல்ட்ராசவுண்ட் வேண்டாம், ஐ.எஃப்.டி. வேண்டாம், டென்ஸ் என்ற இன்னொரு மின்சார சிகிச்சை வேண்டாம், டிராக்‌ஷன் வேண்டாம் என்று வரிசையாக இருக்கிறது. பெல்ட்டும் வேண்டாம். உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. கைச்சிகிச்சை கொடுப்பதானால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான்.

நாமக்கல்_பிசியோ

அப்படியானால் எங்கள் பில்லில் என்னதான் மிஞ்சும்?

மதுரை_சீனியர்

இப்போதுதான் விஷயத்துக்கு வந்தீர்கள். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. மெஷின் வாங்கியாகிவிட்டது, தவணை ஓடுகிறது, நோயாளியும் "கரண்ட் வைக்கலையா?" என்று கேட்கிறார். பில் மெஷின் கணக்கில் போடுகிற வரைக்கும் நீங்கள் உலகத்தில் எந்தக் கோர்ஸ் படித்து வந்தாலும் திங்கட்கிழமை அதே பேடைத்தான் ஒட்டுவீர்கள். நான் தனியாகக் கிளினிக் வைத்தபோது முதலில் மாற்றியது ரேட் கார்டைத்தான். ஒரு சிட்டிங் என்றால் என்னோடு அரை மணி நேரம், அவ்வளவுதான். மெஷினுக்குத் தனிக் கட்டணம் இல்லை. முதல் சில மாதம் வருமானம் படுத்தது உண்மை. ஆனால் அதன்பிறகுதான் படித்ததைச் செய்து பார்க்கவே இடம் கிடைத்தது.

உங்கள் டாக்டரிடம் மெஷினை எடுங்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதே பத்து சிட்டிங்கில் பதினைந்து நிமிடம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறேன் என்று கேளுங்கள். சர்ஜன்களுக்கு எண் பிடிக்கும். எண்ணைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பேச்சுப்பயிற்சி_அக்கா

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பிசியோக்கள் ஆர்.சி.ஐ.க்குள் வராததால் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் 1992 சட்டத்தின்படி வந்தது. சிறப்புக் கல்வி ஆசிரியர்கள், நாங்கள், செயற்கைக் கால் செய்கிறவர்கள், கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் எல்லாம் அதில் பதிவு. நான் பதிவைப் புதுப்பித்தபோது ஐந்து வருடத்துக்கு 100 சி.ஆர்.இ. (தொடர் மறுவாழ்வுக் கல்வி) புள்ளிகள் காட்டச் சொன்னார்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் போன்ற இடங்களில் இதற்கான வகுப்புகள் நடக்கும்.

கட்டாயம் என்றால் எல்லோரும் படிப்பார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு: நான்கு வருடம் தூங்கிவிட்டு ஐந்தாம் வருடம் புள்ளி எங்கே கிடைக்கும் என்று ஊர் ஊராக ஓடுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் செல்போன் பார்ப்பார்கள். தலைப்பு என்ன என்றுகூடக் கேட்பதில்லை, எத்தனை புள்ளி என்றுதான் கேட்பார்கள். ஆனாலும் நான் கட்டாயத்தை ஆதரிக்கிறேன். அது இல்லாவிட்டால் சின்ன ஊரில் தனியாக வேலை பார்க்கிற பெண்ணுக்கு நிர்வாகம் இரண்டு நாள் லீவுகூடத் தராது. "பதிவு போய்விடும் சார்" என்ற ஒரு வாக்கியம்தான் எங்களுக்கு லீவு வாங்கித் தருகிறது.

சான்ஹோசே_பி.டி.

கலிபோர்னியாவில் பதிவைப் புதுப்பிக்க இரண்டு வருடத்துக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி. அதில் 2 மணி நேரம் சட்டம், தொழில் ஒழுங்கு. 4 மணி நேரம் உயிர்காப்புப் பயிற்சி. மிச்சம் நம் இஷ்டம். வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் முடிக்கிறவர்கள்தான் அதிகம். அக்கா சொன்ன கடைசி வரிசை இங்கேயும் உண்டு, மடிக்கணினியோடு.

நாமக்கல் தம்பிக்கு ஒரு கேள்வி. சி.பி.ஆர். பயிற்சி, அதாவது பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி, எடுத்திருக்கிறீர்களா? டிரை நீட்லிங்கில் தோள்பட்டை மேல்பகுதியில், விலா எலும்புப் பக்கத்தில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும். அரிதுதான், ஆனால் நடக்கிற விஷயம். மூச்சு வாங்கினால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஊசிப்பெட்டியை வாங்க வேண்டாம்.

நாமக்கல்_பிசியோ

பி.எல்.எஸ். எடுக்கவில்லை. போஸ்டரில் இந்த ஆபத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வட்டாரப்_பிசியோ

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கினார்களே, அதுதான். வீடு வீடாகப் போவது என் வேலை. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்கள், மூளை முடக்குவாதக் குழந்தைகள், புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்கள்.

இந்த இழை முழுக்கப் படித்தேன். எனக்கு வேண்டிய கோர்ஸ் ஒன்றுகூட உங்கள் போஸ்டர்களில் வருவதில்லை. எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். பக்கவாதம் வந்த மாமனாரை மருமகள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது, செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காமல் எப்படி மாற்றுவது? இழுத்தால் தோள்மூட்டு இறங்கி வலி பிடித்துக்கொள்ளும், அப்புறம் பயிற்சிக்கே விட மாட்டார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடச் சொல்கிறோம். பகல் முழுக்க நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டில் யார் திருப்புவது? வாரம் ஒருமுறை, சில சமயம் அதுவும் இல்லை, என்று போகிற நான் பயிற்சியைச் செய்வதைவிட, அந்த வீட்டு மனுஷிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் நிஜமான சிகிச்சை. எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இதற்கு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் ஒர்க்‌ஷாப் வைக்க முடியாது. காசு கட்ட ஆளும் இல்லை.

நியூரோ_வேலூர்

வட்டாரப் பிசியோ சொன்னது நூற்றுக்கு நூறு. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் போல, கிராமத்து ஊழியர்களையும் பெற்றோரையும் பயிற்சியின் நடுவில் வைத்து வேலை செய்கிற இடங்கள் நம்மிடமே உண்டு. காசு கட்டி ஒரு கோர்ஸ் போவதற்குப் பதில், அனுமதி கேட்டு அப்படி ஓர் இடத்தில் சில நாள் கூட இருந்து பார்த்தால் அதிகம் கிடைக்கும். குஷ்டநோயில் உணர்வில்லாத கால், கையைப் பார்க்கிற முறையை வேலூர் பக்கத்துக் காரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் கற்றவர்கள் அதையே சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். இதற்கெல்லாம் போஸ்டர் வராது.

திருச்சி_இன்டர்ன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். சட்டப்படி இந்தியாவில் நமக்குத் தொடர்கல்வி கட்டாயமா இல்லையா? யாரும் நேராகச் சொல்லவில்லையே.

ஆய்வு_வாசகி

2021-இல் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் வந்தது. பிசியோதெரபி அதற்குள் வருகிறது. மாநில கவுன்சில், மாநிலப் பதிவேடு, தேசியப் பதிவேடு எல்லாம் அதில் உண்டு. 2025-இல் புதிய பாடத்திட்டமும் வெளியிட்டார்கள். நாலரை வருட பி.பி.டி. அதில் ஐந்து வருடமாகிறது, ஒரு வருட இன்டர்ன்ஷிப்போடு. கட்டாயமா இல்லையா என்பதற்கு மாநில கவுன்சில் அறிவிப்புகளை நேரடியாகப் பாருங்கள், வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்ப வேண்டாம். "எங்கள் கோர்ஸ் அரசு அங்கீகாரம் பெற்றது" என்று எவராவது சொன்னால், எந்த அமைப்பு, எந்த ஆணை என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள்.

இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: என்ன படித்தேன், எந்த நோயாளியிடம் என்ன மாற்றினேன், என்ன ஆனது. நாளைக்குக் கவுன்சில் கேட்டாலும் உதவும், லீட்ஸ் போனாலும் உதவும்.

படிப்பதற்குப் பெட்ரோ தளம் இருக்கிறது. சிட்னியில் 1999-இல் தொடங்கியது, இலவசம். பிசியோதெரபி ஆய்வுகள் மட்டும் அதில் தொகுக்கப்பட்டு, தரத்துக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் இருக்கும். தளத்தின் பக்கங்கள் தமிழிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கட்டுரைகள் ஆங்கிலம்தான்.

நாமக்கல்_பிசியோ

ரிஜிஸ்டரை எண்ணிவிட்டேன் மதுரை சார். முழங்கால்தான் முதலிடம், அடுத்து இடுப்பு. ஊசி போடலாம் என்று யோசிக்கவாவது தகுந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். டாக்டரிடம் எண்ணைக் காட்டச் சொன்னீர்கள். எந்த எண்ணைக் காட்டுவது? வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் எட்டு என்கிறார்கள். குணமானவரும் எட்டு என்கிறார்!

மதுரை_சீனியர்

வலி மார்க்கை நம்பி உட்கார வேண்டாம். இரண்டு விஷயம் போதும். ஒன்று, 30 விநாடியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார்கிறார். எப்போதும் ஒரே நாற்காலி, உட்காரும் உயரம் 43 சென்டிமீட்டர் பக்கம் இருக்கட்டும். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய 'கிளாட்' என்ற முழங்கால் திட்டத்திலும் இந்தச் சோதனைதான். அங்கே தெரபிஸ்டுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பிவிட்டுச் சும்மா விடுவதில்லை, நோயாளியின் அளவுகளைப் பொதுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறார்கள்.

இரண்டாவது, நோயாளியையே அவரால் செய்ய முடியாத மூன்று வேலைகளைச் சொல்லச் சொல்லுங்கள். நம் ஊரில் என்ன வரும்? சம்மணம் போட்டு உட்கார்வது, இந்தியன் டாய்லெட், டவுன் பஸ் படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் பத்து வரை அவரே மார்க் போடட்டும், பத்து என்றால் பழையபடி செய்ய முடிகிறது என்று அர்த்தம். சராசரி 2 புள்ளி ஏறினால் நிஜ மாற்றம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். "எட்டு" என்று பிடிவாதம் பிடிக்கிறவர்கூடப் பஸ் படி விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்.

கைத்திறன்_கோச்

சரி, நான் ஒன்று செய்கிறேன். அடுத்த பேட்சிலிருந்து கோர்ஸ் முடிந்து நான்கு வாரம் கழித்தும் எட்டு வாரம் கழித்தும் ஆன்லைனில் கேஸ் பேசும் கூட்டம், கட்டணத்துக்குள்ளேயே. கேஸ் கொண்டுவராதவர்களுக்கு சர்டிபிகேட் கிடையாது. எத்தனை பேர் சேர்கிறார்கள் என்று பார்ப்போம். கூட்டம் பாதியாகக் குறையும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆய்வு_வாசகி

பாதி வந்தாலும் வந்தவர்களின் நோயாளிகளைக் கணக்கெடுங்கள் சார். எங்கள் எம்.பி.டி. (முதுகலை பிசியோ) மாணவர் ஒருவர் ஆய்வுத் தலைப்புக்காக அலைந்துகொண்டிருக்கிறார், அனுப்பி வைக்கவா?

கைத்திறன்_கோச்

அனுப்புங்கள்.

நாமக்கல்_பிசியோ

டாக்டரிடம் பேசினேன். பி.எல்.எஸ். செலவை மருத்துவமனை ஏற்கும் என்றார், அது நல்லதாகப் போயிற்று. முழங்கால் நோயாளிகளுக்குப் பதினைந்து நிமிட உடற்பயிற்சி நேரத்துக்கு ஆறு வாரம் அனுமதி. மெஷின் பேக்கேஜில் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டேப்பிங், நீட்லிங் இரண்டுக்கும் இந்த முறை பணம் கட்டவில்லை. ஃபிரேம் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார், அதில் பி.எல்.எஸ். சர்டிபிகேட்டை மாட்டிக்கொள்ளட்டும்.

லீட்ஸ் அண்ணன் சொன்ன சாப்பாட்டு நேரக் கேஸ் பேச்சை நாமும் ஆன்லைனில் வைத்தால் என்ன? வட்டாரப் பிசியோ அக்கா அல்லது அண்ணா, முதலில் நீங்கள் அந்தக் கட்டில்-நாற்காலி விஷயத்தை எடுத்தால் நான் வருவேன்.

வட்டாரப்_பிசியோ

அக்காதான். சனிக்கிழமை இரவு எட்டரைக்கு மேல் என்றால் முடியும். அதற்கு முன்னால் ரிப்போர்ட் ஏற்றுகிற வேலை இருக்கும்.

மதுரை_சீனியர்

நானும் வருகிறேன். கேஸ் கொண்டுவருகிறவர்கள் நோயாளியின் பெயர், ஊர், ஸ்கேனில் இருக்கும் நம்பர் எதுவும் தெரியாமல் அழித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். முதல் நாள் அளவும் கடைசி அளவும் இல்லாமல் "நல்லா ஆயிட்டார் சார்" என்று மட்டும் சொல்கிற கேஸை எடுக்க மாட்டோம்.